பழைய ஜெர்மன் 'டிரில்லிங்' துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா? உள்ளே பொருந்தினால் மட்டும் ஏன் போதாது?

தோட்டா உள்ளே போகிறது. துப்பாக்கியும் சரியாக மூடிக்கொள்கிறது. அப்படின்னா அதுதான் அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டாவா?

நூறு ஆண்டு பழைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கி ஒன்று கையில் கிடைத்தால், பலரும் செய்யும் முதல் தவறு இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்வதுதான். குறிப்பாக, ஒரே துப்பாக்கியில் மூன்று குழல்கள் இருக்கும் 'டிரில்லிங்' வகையில் இந்தத் தவறு குழலை வெடிக்க வைக்கலாம். கண்ணும் விரல்களும் அதற்கு மிக அருகில் இருக்கும்.

நீங்கள் துப்பாக்கி வாங்கும் யோசனையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குடும்பச் சொத்தாகவோ, ஏலத்திலோ, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வழியாகவோ இப்படிப்பட்ட பொருள் ஒருவரிடம் வந்து சேர்வது நடக்கிற விஷயம். கையேடு இருக்காது. பில் இருக்காது. சில சமயம் தயாரித்தவர் பெயர்கூட இருக்காது. அப்போது அதை எப்படி அடையாளம் காண்பது? தோட்டா எங்கே கிடைக்கும்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிரில்லிங் என்றால் என்ன?

ஜெர்மன் மொழியில் 'டிரை' என்றால் மூன்று. மூன்று குழல் துப்பாக்கி என்பதால் 'டிரில்லிங்'. பொதுவான அமைப்பு இது: மேலே பக்கத்தில் பக்கமாக இரண்டு ஷாட்கன் குழல்கள், அவற்றுக்குக் கீழே நடுவில் ஒரு ரைஃபிள் குழல்.

ஷாட்கன், ரைஃபிள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம ஊரில் 'டபுள் பேரல்' என்று சொல்கிறோமே, அது ஷாட்கன். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவிலிருந்து பல சிறிய ஈயக் குண்டுகள் சிதறிப் போகும். ரைஃபிளில் குழலுக்குள் சுழல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒரே குண்டு சுழன்றபடி நெடுந்தூரம் போகும்.

இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தார்கள்? ஜெர்மன், ஆஸ்திரிய வேட்டைக்காரர் ஒரே நாளில், ஒரே காட்டில் முயலையும் பார்ப்பார், பறவையையும் பார்ப்பார், மானையும் காட்டுப்பன்றியையும் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துப்பாக்கி சுமக்க முடியாது. எனவே ஒன்றிலேயே எல்லாம்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு ஷாட்கன் குழலும் ஒரு ரைஃபிள் குழலும் பக்கத்தில் பக்கமாக இருந்தால் 'ப்யூக்ஸ்ஃபிளின்டே'. அவை மேலும் கீழுமாக இருந்தால் 'பொக்ப்யூக்ஸ்ஃபிளின்டே'. நான்கு குழல் இருந்தால் 'ஃபியர்லிங்'. எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'காம்பினேஷன் கன்' என்பார்கள்.

இவற்றின் தாய்வீடு ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள சூல் நகரம். 1751-ல் தொடங்கிய ஜே.பி. சாவர், 1886-ல் தொடங்கிய கிரீக்ஹாஃப், 1898-ல் தொடங்கிய மெர்கெல் ஆகிய மூன்று நிறுவனங்களின் வேரும் இங்கேதான். பக்கத்திலேயே இருந்த செல்லா, மெலிஸ் என்ற இரு ஊர்களும் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போனவை. அவை 1919-ல் ஒரே நகராக இணைந்தன.

பெயர் இருந்தால் போதாதா?

குழல்களுக்கு நடுவில் உள்ள பட்டையில் அழகான எழுத்தில் ஒரு பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். உடனே கூகுள் செய்யத் தோன்றும். ஆனால் பல நேரங்களில் அது தயாரித்தவர் பெயராக இருக்காது. விற்ற கடைக்காரரின் பெயராக இருக்கும்.

சூல் பகுதியில் துப்பாக்கித் தொழில் பெருமளவு கைவினைஞர்களின் கூட்டு வேலையாக நடந்தது. குழலை ஒருவர் செய்வார், பூட்டை இன்னொருவர், மரக்கட்டையை வேறொருவர், செதுக்கு வேலையை மற்றொருவர். கடைசியில் எங்கோ ஓர் ஊரில் உள்ள வியாபாரியின் பெயர் ஏறும். அதனால் பெயரை வைத்துத் தோட்டாவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே பெயரில் விற்ற இரண்டு டிரில்லிங்குகளுக்கு வெவ்வேறு தோட்டா தேவைப்படலாம்.

பிறகு எதை நம்புவது? குழலின் அடிப்பகுதியில் அடித்திருக்கும் முத்திரைகளை. துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் அதுதான்.

கிரீடமும் எழுத்தும்: முத்திரைகளை எப்படிப் படிப்பது?

ஜெர்மனியில் 1891 மே மாதம் ஒரு சட்டம் வந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசுச் சோதனை நிலையத்தில் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால் மட்டுமே முத்திரை அடிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1893 ஏப்ரல் 1 முதல் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

முத்திரைகள் பெரும்பாலும் ஒரு கிரீடமும் அதன்கீழ் ஓர் ஆங்கில எழுத்துமாக இருக்கும். முன்கட்டையைக் கழற்றி, குழல் தொகுதியைப் பிரித்து, அதன் அடிப்பகுதியைப் பார்த்தால் இவை தெரியும்.

- கிரீடம், கீழே 'பி': வெடித்துச் சோதிக்கப்பட்டது
- கிரீடம், கீழே 'யு': சோதனைக்குப் பிறகு ஆய்வு செய்யப்பட்டது
- கிரீடம், கீழே 'எஸ்': ஷாட்கன் குழல்
- கிரீடம், கீழே 'டபிள்யூ': நுனி சற்றே குறுக்கப்பட்ட, அதாவது 'சோக்' உள்ள ஷாட்கன் குழல்
- கிரீடம், கீழே 'ஜி': சுழல் வரி வெட்டிய ரைஃபிள் குழல்
- கிரீடம், கீழே 'வி': சட்டம் வந்தபோது ஏற்கனவே கையிருப்பில் இருந்த துப்பாக்கி
- கிரீடம், கீழே 'என்': புகையில்லா நைட்ரோ மருந்தில் சோதிக்கப்பட்டது. இது 1910களின் தொடக்கத்தில் சேர்ந்த முத்திரை

கடைசி வரி மிக முக்கியம். பழைய கருப்பு வெடிமருந்து தரும் அழுத்தம் குறைவு. புகையில்லா மருந்து தரும் அழுத்தம் அதிகம். கருப்பு மருந்துக்காகச் செய்த குழலில் இன்றைய மருந்து நிரப்பிய தோட்டாவைப் போட்டால், மண்பானையைப் பிரஷர் குக்கராக்கிய கதைதான்.

ஒரு சிக்கல் உண்டு. 'என்' முத்திரை இல்லாவிட்டால் அது கருப்பு மருந்துக்கானது என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. அந்த முத்திரை வருவதற்கு முன்பே புகையில்லா மருந்துக்காகச் செய்த ரைஃபிள் குழல்கள் உண்டு. அவற்றில் மருந்தின் எடையை கிராமில் குறித்து, அதோடு 'ஜி.பி.பி.', 'எஸ்டி.எம்.ஜி.' போன்ற சுருக்கங்களை அடித்திருப்பார்கள். முதலாவது ரைஃபிளுக்கான புகையில்லாச் செதில் மருந்தைக் குறிக்கும். இரண்டாவது எஃகு உறையிட்ட குண்டைக் குறிக்கும். ஆக, ஒற்றை முத்திரையைப் பார்க்காதீங்க; எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1920களிலிருந்து சோதனை நடந்த மாதமும் ஆண்டும் எண்களாகச் சேர்ந்தன. உதாரணமாக '4 28' என்றிருந்தால் 1928 ஏப்ரல். 1939-ல் புதிய சட்டம் வந்தபின், 1940 முதல் கிரீடத்தின் இடத்தில் கழுகு வந்தது. ஆகவே முத்திரையின் வடிவமே காலத்தைச் சொல்லிவிடும்.

108.49 என்றால் என்ன? காலிபரா?

பழைய ஜெர்மன் ரைஃபிள் குழல்களில் 108.49 மாதிரி விசித்திரமான எண் இருக்கும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டிருப்பார்கள், ஜெர்மன் வழக்கம் அது. பார்ப்பவர்கள் தலையைச் சொறிவார்கள்.

விடை நமக்குத் தெரிந்த '12 போர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும். அதுதான் 12 போர் குழலின் உள் விட்டம். 16 உருண்டைகளாக்கினால் சுமார் 16.8 மி.மீ. அது 16 போர். எண் கூடக் கூட குழல் சிறிதாகும்.

இதே கணக்கை ரைஃபிளுக்கும் நீட்டினார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 108.49 உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் சுமார் 8.9 மி.மீ. ஆக 108.49 என்பது தோட்டாவின் பெயர் இல்லை. அந்த விட்டமுள்ள அளவுகோல் குழலுக்குள் நுழையும் என்பதற்கான குறிப்பு மட்டுமே.

அந்த 8.9 மி.மீ. என்பதும் சுழல் வரிகளின் மேடுகளுக்கு நடுவில் உள்ள அளவு. குண்டு உட்காருவது பள்ளங்களின் அளவுக்கு. அது கொஞ்சம் பெரிது. அதனால்தான் 108.49 என்று அடித்த குழலில் 9.3 மி.மீ. குடும்பத் தோட்டா இருக்கக்கூடும்.

பிற்காலத்தில் இந்தச் சுற்றுவழி போய், மில்லிமீட்டரிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். '7,8' என்றும் பக்கத்தில் '57' என்றும் இருந்தால், குழல் துளை 7.8 மி.மீ., தோட்டா உறையின் நீளம் 57 மி.மீ. என்று பொருள். 8×57 குடும்பம் என்று ஊகிக்கலாம். ஊகம் மட்டும்தான். ஏன் என்பது அடுத்து.

உள்ளே போகும், ஆனால் போடக்கூடாது: நான்கு பொறிகள்

முதல் பொறி: 65-ஆ, 70-ஆ?

பழைய ஜெர்மன் டிரில்லிங்குகளில் 16 போர் மிகச் சாதாரணம். அவற்றில் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளம். இன்று பொதுவாக விற்கும் தோட்டாக்கள் 70 மி.மீ. நீண்ட தோட்டா குட்டை அறைக்குள் போகாது என்றுதானே நினைப்பீர்கள்? போகும். ஏனென்றால் 70 என்பது சுட்ட பிறகு உறையின் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் மடிந்திருக்கும். நீளம் குறைவாக இருக்கும். சுடும் நொடியில் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் விரியும். பாதை அடைபட்டு அழுத்தம் ஏறும்.

இரண்டாம் பொறி: 0.13 மில்லிமீட்டர்

8×57 தோட்டா 1888-ல் ஜெர்மன் ராணுவத்துக்காக வந்தது. அதன் குண்டின் விட்டம் 0.318 அங்குலம், அதாவது சுமார் 8.08 மி.மீ. 1905-ல் ராணுவம் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. புதிய விட்டம் 0.323 அங்குலம், சுமார் 8.20 மி.மீ. வித்தியாசம் 0.13 மி.மீ. ஓர் ஏ4 தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ராணுவம் மாறினாலும் வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் பழைய விட்டத்திலேயே பல ஆண்டுகள் குழல் செய்தார்கள். ஆக, 1920களின் டிரில்லிங்கிலும் பழைய அளவே இருக்கலாம். பெரிய குண்டைச் சிறிய குழலுக்குள் அடித்துத் தள்ளினால் அழுத்தம் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயரில் வித்தியாசம் ஓர் எழுத்து. பழையது '8×57 ஐ.ஆர்.', புதியது '8×57 ஐ.ஆர்.எஸ்.' இதில் 'ஐ' காலாட்படையைக் குறிக்கும். 'ஆர்' என்பது உறையின் அடியில் விளிம்பு உண்டு என்பதற்கு. 'எஸ்' வந்தால் பெரிய குண்டு. பழைய ஜெர்மன் எழுத்தில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் பெட்டிகளில் 'ஜே.ஆர்.எஸ்.' என்றும் பார்ப்பீர்கள். அது வேறு தோட்டா இல்லை. கண் வைக்க வேண்டியது கடைசி 'எஸ்' மீதுதான்.

மூன்றாம் பொறி: 72-உம் 74-உம்

9.3×72 ஆர், 9.3×74 ஆர். கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது கருப்பு மருந்துக் காலத்து வம்சம். நீண்ட, மெலிந்த உறை, மிதமான அழுத்தம். இரண்டாவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த, பெரிய விலங்குகளுக்கான, உயர் அழுத்தத் தோட்டா. உறையின் அடிப்பகுதியும் பருமன். 72-க்குச் செய்த குழலின் அறையைக் குடைந்து 74-க்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். அந்தக் குழலும் பூட்டும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போதாததற்கு, 9.3×72 ஆர் என்ற ஒரே பெயரிலேயே அந்தக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட உறைகள் புழங்கின.

நான்காம் பொறி: சின்னக் குழல்

ஃபியர்லிங் வகையில் இருக்கும் குட்டிக் குழல் பலவற்றில் 5.6×35 ஆர் என்ற தோட்டாவுக்கானது. அதே உறை வடிவத்திலிருந்து வளர்ந்ததுதான் பின்னாளில் வந்த .22 ஹார்னெட். அளவு ஏறக்குறைய ஒன்று என்பதால் ஹார்னெட் உள்ளே போகக்கூடும். ஆனால் ஹார்னெட்டின் அழுத்தம் அதிகம்.

நான்கிலும் பொதுவான பாடம் ஒன்றுதான். அறைக்குள் பொருந்துவது வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறது. குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அப்போ உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி?

முத்திரைகள் துப்பாக்கி பிறந்த நாளின் நிலையைச் சொல்கின்றன. அதற்குப் பிறகு நூறு ஆண்டில் என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் பல டிரில்லிங்குகளை ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். ஜெர்மன் தோட்டா அங்கே கிடைக்காததால் அறையை நீட்டினார்கள், அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்பக் குடைந்தார்கள், குழலுக்குள் புதுக் குழல் செருகினார்கள். இந்த மாற்றங்கள் எல்லாமே முத்திரையில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

எனவே கடைசி வார்த்தை அளவீட்டுக்குத்தான். இதைச் செய்ய வேண்டியவர் பழைய ஜெர்மன் துப்பாக்கிகளில் அனுபவமுள்ள, உரிமம் பெற்ற கன்ஸ்மித்.

1. முதலில் மூன்று அறைகளும் காலியா என்று அவர் உறுதி செய்வார். ஒரு குழலைப் பார்த்துவிட்டு மற்றதை மறப்பது டிரில்லிங்கில் எளிது.

2. முத்திரைகள் அனைத்தையும் படமெடுத்து, ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வார்.

3. ரைஃபிள் குழலுக்குள் மென்மையான ஈயத் துண்டைச் செலுத்தி வெளியே எடுத்து, அதில் பதிந்த பள்ளங்களின் அளவை எடுப்பார். 0.318-ஆ 0.323-ஆ என்ற கேள்விக்கு விடை இங்கே.

4. தோட்டா அறையின் அச்சை எடுப்பார். இதற்கு 'செரோசேஃப்' என்ற பிஸ்மத் கலப்பு உலோகம் உண்டு. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிநீரைவிடக் குறைந்த வெப்பம். ஊற்றி, இறுகியதும் எடுத்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் உண்மையான அளவு கிடைக்கும்.

5. பூட்டு இறுக்கமாக இருக்கிறதா, குழல்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று விட்டிருக்கிறதா, குழல் சுவர் எங்காவது மெலிந்திருக்கிறதா, மரக்கட்டையில் விரிசல் உண்டா என்று பார்ப்பார்.

மூன்றும் நான்கும் 'எந்தத் தோட்டா' என்று சொல்லும். ஐந்தாவது 'சுடலாமா' என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். சரியான தோட்டா எது என்று தெரிந்த பிறகும், 'சுட வேண்டாம், சுவரில் மாட்டுங்க' என்று அவர் சொல்லலாம். அதுவும் ஒரு சரியான விடைதான்.

ஜெர்மனியில் இன்னொரு வழியும் உண்டு. துப்பாக்கியை அரசுச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி மீண்டும் சோதித்துப் புதிய முத்திரை வாங்கலாம். தாங்காது என்றால் அங்கே, யாருடைய முகத்துக்கும் அருகில் இல்லாமல், தெரிந்துவிடும்.

தோட்டா எங்கே கிடைக்கிறது?

அடையாளம் உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வி. ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில், சட்டப்படி உரிமை உள்ளவர்களுக்கு, நிலைமை மூன்று வகை.

இன்னும் தயாராகுபவை: 7×57 ஆர், 7×65 ஆர், 8×57 ஐ.ஆர்.எஸ்., 9.3×74 ஆர் ஆகியவை உயிரோடு இருக்கும் தோட்டாக்கள். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., 1825-ல் பிராக் நகரில் தொடங்கிய செல்லியர் & பெல்லோட் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. 9.3×72 ஆர் தோட்டாவையும் செல்லியர் & பெல்லோட் தயாரித்து வருகிறது. 16 போரில் 65 மி.மீ. தோட்டாக்களும் ஜெர்மன் சந்தையில் உண்டு.

பெரிய ஆலைகள் பெரும்பாலும் கைவிட்டவை: 0.318 அளவுக் குண்டு கொண்ட பழைய 8 மி.மீ. வகைகள், 6.5×58 ஆர், 8×58 ஆர் போன்றவை. இவற்றைச் சிறு நிறுவனங்கள் சிறு தொகுதிகளாகச் செய்கின்றன, அல்லது உரிமம் பெற்றவர்கள் வேறு உறையை வடிவம் மாற்றி நிரப்பிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் வீட்டில் தோட்டா நிரப்ப வெடிபொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி வேண்டும். விலை அதிகம், காத்திருப்பு அதிகம். இதைப் பார்த்துவிட்டு, அறையை வேறு தோட்டாவுக்குக் குடைந்துகொள்ளலாம் என்று நினைத்தால், பாதுகாப்பும் போகும், பழம்பொருள் மதிப்பும் போகும்.

பழைய பெட்டிகள்: ஏலங்களில் போருக்கு முந்தைய தோட்டாப் பெட்டிகள் வருவதுண்டு. இவை சேகரிப்பவர்களுக்கானவை. உறையின் பித்தளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கலாம், மருந்தின் நிலையும் தெரியாது. ஆனால் அளவை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆதாரம்.

'பழம்பொருள்' என்றால் சட்டம் விட்டுவிடுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழம்பொருள் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கோடு.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், 1898 அல்லது அதற்கு முன் தயாரித்தது 'ஆன்டிக்'. மாநிலச் சட்டங்கள் தனி. ஜெர்மனியில் பழைய துப்பாக்கிகளுக்கான சலுகைகள் 1871 ஜனவரி 1-க்கு முன் உருவான மாதிரிகளைச் சுற்றியே இருக்கின்றன. நாம் பேசும் டிரில்லிங்குகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. எனவே உரிமமும் பதிவும் வேண்டும். நீளத் துப்பாக்கிக்கான தோட்டா வாங்க அங்கே வேட்டை உரிம அட்டை போதும். அந்த அட்டைக்கோ கடினமான தேர்வு உண்டு.

இந்தியாவில்? 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். வயது மட்டும் விலக்கு வாங்கித் தராது. நூறு வயதான டிரில்லிங் இன்னும் சுடும் என்றால், அது துப்பாக்கிதான்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் அதை அப்படியே பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற காரணமும் கிட்டத்தட்ட இல்லை.

தோட்டா விஷயத்தில் இந்தியாவுக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. இங்கே அரசு ஆலைத் தயாரிப்பாகக் கிடைக்கும் .315 ரைஃபிள் தோட்டாவைப் பலரும் '8 மி.மீ.' என்றே சொல்வார்கள். அது 8×50 ஆர் என்ற, ஆஸ்திரிய மான்லிகர் வழி வந்த தோட்டா. ஜெர்மன் 8×57 குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'எட்டு எம்.எம். தானே, போட்டுப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் நண்பரிடம் 'வரும்போது நாலு தோட்டா எடுத்துட்டு வா' என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அனுமதியின்றி தோட்டா இறக்குமதி செய்வது குற்றம். ஒரே ஒரு தோட்டா பையில் சிக்கியதால் விமான நிலையத்தில் வழக்கானவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது என்றால் நீதிமன்றங்கள் அதைக் கருத்தில் கொண்டதுண்டு. தெரிந்தே வைத்திருந்தாரா என்பது அங்கே முக்கியமான கேள்வி. நீங்களே கேட்டு வாங்கி வந்த தோட்டாவுக்கு அந்த வாதமும் இல்லை.

உங்கள் கையில் ஒன்று வந்தால்?

- தோட்டா எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். 'சும்மா அளவு பார்க்க' என்றாலும் வேண்டாம்.
- உள்ளே தோட்டா இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர் வரும்வரை தொடாதீர்கள்.
- உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் முதல் வேலை வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்திலோ, கன்ஸ்மித் பிறகு.
- முத்திரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் பிறப்புச் சான்றிதழை அழித்துவிடுவீர்கள்.
- மூன்று குழலுக்கும் தனித்தனியாக விடை வேண்டும். இரண்டு ஷாட்கன் குழல்களுக்குச் சரியான தோட்டா கிடைத்தது என்பதால் ரைஃபிள் குழல் பற்றி எதுவும் தெரிந்துவிடாது.
- 'இதுதான் தோட்டா' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் அளந்தாரா, ஊகித்தாரா என்று கேளுங்கள். அளவு எண்ணாக, எழுத்தில் வேண்டும்.

சூலில் அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் உலோகத்தில் பொறித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடியும், அளக்க ஒரு நல்ல கன்ஸ்மித்தும், விடை 'சுடக்கூடாது' என்று வந்தால் ஏற்றுக்கொள்ளும் பொறுமையும் இருந்தால் போதும்.